சீனிச்சாமி வாங்கிய பெட்டி

1988இல், போடியில் சீனிச்சாமியின் மரப்பட்டறையிலிருந்த பழைய செதுக்கு மிஷின், நிறுத்தியிருந்தபோதே திடீரென்று ஓடி, அங்கே வேலை பார்த்த மொக்கையனின் வலது கையைத் துண்டித்தது. கோளாறு கன்ட்ரோல் பெட்டியில்.

அதைக் கழற்றிவிட்டு, சீனிச்சாமி இன்னொரு பழைய பெட்டியையே வாங்கிவந்தார். மொக்கையனின் மனைவி சுருளியம்மாள் கொதித்துப்போனாள்.

“புதுசு போடுங்கய்யா! இன்னும் எத்தன பேரு கை வேணும் ஒங்களுக்கு?”

“ஒஞ்சோலியப் பாத்துட்டுப் போத்தா.”

அவள் அந்தப் பெட்டியைத் தரையில் போட்டு உடைத்தாள்.

மறுநாள் காலையும் சண்டைக்கு வந்தாள். சீனிச்சாமி, இரவெல்லாம் பூட்டிக்கிடந்த பட்டறையைத் திறந்தார். பெட்டியில்லாத மிஷினில் வயர்கள் தொங்கின. அடியில் புது மரத்தூள். மிஷினில் கிடந்த பலகையில் ஒரு வலது கை செதுக்கியிருந்தது.

“எம்புருசன் கைய வச்சு வெளையாடுறீகளா?” என்று கத்தியபடி சுருளியம்மாள் குனிந்து பார்த்தாள்.

பலகைக் கையின் விரலில், சீனிச்சாமி போட்டிருந்த அதே நாகமோதிரம் செதுக்கியிருந்தது.

சீனிச்சாமி தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.