காரா, காசா?

“முடிவு பண்ணிட்டீங்களா மிஸ்?”

அந்த வாரத்தில் டிரைவர் கஸ்பர் இப்படிக் கேட்பது நான்காவது முறை. பின் சீட்டில் இருந்த கிருஷாந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐம்பத்தாறு வயது மனிதர், தன் பிழைப்பு என்ன ஆகும் என்று ஒரு சின்னப் பெண்ணிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

தேயிலைக் கம்பெனியில் அவள் பகுதி மனேஜர் ஆகி ஆறு மாதம்தான். போன வாரம் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு படிவம் வந்தது. காரையும் டிரைவரையும் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அதற்குப் பதிலாக மாதாமாதம் காசாக வாங்கிக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்தால் மூன்று வருடத்துக்கு மாற்ற முடியாது. காசு என்றால் கஸ்பருக்கு நட்டஈடு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓர் ஆளின் வேலையைப் பறிக்கச் சின்னக் கட்டம் ஒன்றில் சரி போட்டால் போதும் என்று வைத்திருக்கிறார்களே, அந்தப் புத்திசாலிகளைக் கும்பிடத்தான் வேண்டும்.

கிருஷாந்தியின் கணவன் லோஜனுக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. ஹட்டனில் அவர்கள் கட்டும் வீடு கூரையில்லாமல் மழையில் நனைந்துகொண்டிருந்தது. காசை வாங்கு, வேலைக்கு பஸ்ஸில் போ என்றான். அவள் கஸ்பரின் பேச்சை எடுத்ததும், “ஊருக்கெல்லாம் நீதான் வேல குடுக்கணுமா?” என்றவன், அதற்குப் பிறகு இரண்டு நாளாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவள் கிளார்க்காக இருந்த காலத்தில், மலையில் கொழுந்துப் பையோடு விழுந்து கிடந்த அவள் அப்பாவை, யாரிடமும் கேட்காமல், அப்போது தான் ஓட்டிய பெரிய மனேஜரின் காரில் தூக்கிப் போட்டு நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் கஸ்பர். அன்று அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. அப்பா இன்றும் உயிரோடு இருக்கிறார். அந்த மனிதரின் வயிற்றில் எப்படி அடிப்பது?

கார் கொத்மலைப் பக்கம் மெதுவாக இறங்கியது. வளைவுக்கு வளைவு, எதிரே வரும் லொறிகளைக் கஸ்பர் தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கத்தான் அவர் சங்கடப்படுகிறார் என்று கிருஷாந்தி நினைத்தாள். அவளுக்கு இனியும் மறைத்து வைக்க மனம் வரவில்லை.

“காலையிலயே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேண்ணே.”

கஸ்பரின் கால் பிரேக்கில் அழுந்தியது.

“பயப்படாதீங்க. காரத்தான் எடுத்திருக்கேன். நீங்க ஓய்வு எடுக்கிற வரைக்கும் நீங்கதான் ஓட்டுறீங்க.”

அவர் சிரிப்பார், ஒரு வார்த்தை நன்றி சொல்வார் என்று காத்திருந்தாள். கஸ்பரோ காரை ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்தினார். இனி மாற்றவே முடியாதா என்று கேட்டார். முடியாது, படிவம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவள் உற்சாகமாகவே சொன்னாள்.

“நீங்க காசத்தான் எடுப்பீங்கன்னு நம்பியிருந்தேன் மிஸ்,” என்றார் அவர். “கம்பெனியா அனுப்பினா நட்டஈடு வரும். நானா வேலைய விட்டா அது கெடைக்காது.”

கிருஷாந்திக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நல்லது செய்ததற்கு இதுவா பேச்சு என்று மனசு சுருங்கியது.

“நீங்க எதுக்குண்ணே வேலைய விடணும்?”

கஸ்பர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டு வருசமா எனக்கு வலது கண்ணு தெரியல மிஸ்.”