பாதாளக் கதவு

கோவில்பதாகை தேவாலய மைதானத்தில் ஈஸ்டர் மாலை வெயில் பாதாளத்தின் பிளைவுட் கதவில் சாய்கிறது. இந்தப் பக்கம் நாடகம் பார்க்கும் சனம். அந்தப் பக்கம், இயேசு பிறக்குமுன்பே செத்து, அவர் வந்து மீட்கக் காத்திருக்கும் ஆதாம், ஏவாள், போர்வை சுற்றிய ஆபிரகாம். தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் மண்டியிட்டு, அவிழ்ந்துவிட்ட ஏவாளின் கொசுவத்துக்கு ஊக்கு குத்துகிறாள். நெற்றியில் அம்மன் கோயில் குங்குமம். நேற்று ஒத்திகையில், நாடகம் போடும் தினகரனிடம் அவள்தான் கேட்டாள்: "உங்க சாமி பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போன எங்க ஆளுங்க கதி இன்னா அண்ணாத்தே?" "பைபிள்ல பேர் கீறவங்கதாம்மா வெளிய வருவாங்க" என்று அவர் முடித்துவிட்டார். இப்போது இயேசு வேடத்திலிருக்கும் வெல்டர் பாண்டியன் கதவை இழுக்கிறான். திறக்க வேண்டிய கதவு கீலோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது. அவன் விலகிக்கொள்ள, மண்ணில் தடாரென்று விழுகிறது. புழுதி பொன்னாக எழுகிறது. வாயில் ஊக்கோடு பஞ்சவர்ணம் ஊர் முன்னால் அப்படியே மண்டியிட்டிருக்கிறாள். ஆதாமுக்கு நீட்ட வேண்டிய கையைப் பாண்டியன் அவளிடம் நீட்டுகிறான்.

"எய்ந்து வாக்கா."

அவள் ஊக்கை எடுக்கிறாள். "நான் உங்க ஆளு இல்லியேப்பா."

"கதவே இல்ல இப்போ. உன் ஆளுங்களையும் இட்டுகினு வா."

தினகரன் ஒரு கணம் தயங்குகிறார். பிறகு பேண்டுக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்துகிறார். ட்ரம்பெட் வானத்தைப் பிளக்கிறது. பாண்டியனின் கையைப் பிடித்து எழுந்த பஞ்சவர்ணம், பாதாளத்துக்குப் பின்னால் கட்டிய கறுப்புத் திரையின் யாருமில்லாத இருட்டைத் திரும்பிப் பார்த்து, பந்திக்கு அழைப்பதுபோல் கையை வீசுகிறாள்.

"வாங்க, அல்லாரும் வாங்க. கதவு வுயுந்துடுச்சி."