பாகற்காய்க்கு அடியில்

மனைவியின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் மாஸ்டர் ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றிருந்தார். சத்தம் தேய்ந்ததும் வாசல் கதவைத் தாழ் போட்டார். கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டார்.

'இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா?' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அவருடைய சொந்தக் குரல்தான் என்பதால் பொருட்படுத்தவில்லை.

நேரே சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். காய்கறித் தட்டில், பாகற்காய்க்கு அடியில் கையை விட்டு எவர்சில்வர் டப்பாவை வெளியே எடுத்தார்.

சீஸ்!

மாஸ்டருக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு பிரேக் போடச் சொல்லிக்கொடுத்தவர். சொந்த நாக்குக்கு மட்டும் பிரேக் பிடிக்கவில்லை. போன வருஷம் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் முதல்முதலாக ஸ்டியரிங்கைத் தொட்ட பெண், அழுதுகொண்டே முதல் கியரிலேயே ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தாள்.

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "இனிமே சீஸ் இருக்கிற பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது."

"அந்த நாத்தம் ஒழிஞ்சதே, அது போதும்!" என்று மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "அதை எப்படித்தான் வாயில வைக்கிறீங்களோ!"

இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். மூன்றாவது மாதம் கால் அதுபாட்டுக்குக் கடைக்குள் போய்விட்டது. காலை வெட்டியா போட முடியும்? அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு கட்டி, பாகற்காய்க்கு அடியில் குடித்தனம்.

சீஸ் விஷயத்தில் டிரைவிங் ஸ்கூலுக்கே அவர்தான் நீதிபதி. மெக்கானிக் முக்கோண சீஸ் துண்டை டீயில் தோய்த்துத் தின்பார். கணக்கு எழுதுகிற அம்மாவுக்கு அதை வாழைப்பழத்தோடு பிசைந்தால்தான் இறங்கும்.

"கொலைகாரங்களா!" என்பார் மாஸ்டர். "செடார் சீஸைத் தோசைக்கல்லுல போட்டு, மூடி வச்சு, ஓரம் மொறுமொறுன்னு வந்ததும் மிளகு தூவி, கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடணும். என் கண்ணைக் கட்டி விட்டாலும் எந்த சீஸ்னு நாக்கு சொல்லிடும்!"

இப்போதும் கல்லில் இரண்டு துண்டு போட்டு மூடி வைத்தார். திறந்து பார்த்தால் துண்டு போட்டபடியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான், உருக மாட்டேன் என்கிறது. 'நல்லா முதிர்ந்த சரக்கு அவ்வளவு சீக்கிரம் வளைஞ்சு கொடுக்காது' என்று தனக்குத் தானே பாடம் நடத்திவிட்டு, மிளகைக் கொஞ்சம் தாராளமாகத் தூவிக்கொண்டார்.

கண்ணை மூடினார். "ஆஹா!"

அப்புறம் கல்லைக் கழுவி, ஜன்னல்களைத் திறந்து, தோள் துண்டை வீசி வீசி வாசனையை விரட்டினார். கைதேர்ந்த திருடன்கூட இந்தப் பாடு பட்டிருக்க மாட்டான்.

அன்று சாயங்காலம் டாக்டரிடம் செக்கப். போன வாரமே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள். இன்றைக்கு மாஸ்டரின் குட்டு உடையப் போகிறது.

டாக்டர் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தார். "மாஸ்டர், கொழுப்பு சர்ருன்னு இறங்கியிருக்கே! என்ன மாயம் பண்ணீங்க?"

வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். மற்ற மனிதர்கள் அதைத்தான் செய்வார்கள்.

"டாக்டர், நீங்க சீஸ் மேல அநியாயமா பழி போட்டுட்டீங்க!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் மாஸ்டர். "இத்தனை மாசமும் தினம் ஒளிச்சு வச்சு அதைத்தான் சாப்பிட்டேன். சாப்பிட்டும் இறங்கியிருக்கு, பாருங்க!"

சொன்ன பிறகுதான் பக்கத்தில் மனைவி இருப்பது உறைத்தது. இடி விழப் போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். அவளோ கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அடடா, முன்னெல்லாம் ஆப்பிளோட ஒரு துண்டு சீஸ் சாப்பிட்டாத்தான் எனக்கு நாளே முடியும். நான்கூட பயந்துபோய் விட்டுட்டேனே!" என்றார் டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது இருக்கட்டும். மேடத்துக்குத்தான் எகிறியிருக்கு. போன வருஷம் நீங்க இருந்த இடத்துல இப்ப அவங்க நிக்கிறாங்க."

மாஸ்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. "இவளுக்கா? சீஸ் வாசனைக்கே ஓடறவ டாக்டர் இவ! லேப்ல யாரோ மாத்தி வச்சுட்டாங்க."

"லேப்ல யாரும் மாத்தலீங்க" என்றாள் மனைவி மெல்ல. "நான்தான் மாத்தினேன். நீங்க கட்டியைக் கொண்டுவந்து ஒளிச்சு வச்ச அன்னிக்கே அதை எடுத்துட்டு, டப்பாவுல டோஃபு வச்சிடுவேன். உப்பு, மஞ்சள், எலுமிச்சை போட்டு ஊற வச்ச சோயாக் கட்டி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா வெளியில போய்ச் சாப்பிடுவீங்க. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல திரும்பவும் தனியா உக்கார்ந்திருக்க எனக்குத் தெம்பு இல்ல."

கண்ணைக் கட்டினாலும் கண்டுபிடிக்கிற மாஸ்டரின் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கஷ்டப்பட்டு அதைப் பிரித்தெடுத்துக் கேட்டார்.

"அப்போ... நான் வாங்கிட்டு வந்த சீஸெல்லாம் எங்கே?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தூக்கிப் போட மனசு வரலீங்க."