டிக்கியில் ஒட்டிய எழுத்து

"அப்பா, உது என்ன? ஆர் ஒட்டினது?"

பூச்சாடியும் கையுமாக வாசலுக்கு வந்த லக்சிகா அப்படியே நின்றுவிட்டாள்.

கனடாவின் அஜக்ஸ் நகரில் அவர்கள் வீட்டு ட்றைவ்வேயில் அப்பாவின் பதினான்கு வருடப் பழைய கொறோலா கழுவித் துடைத்து நின்றது. அதன் டிக்கியில், நேற்றுவரை ரொயோட்டா சின்னம் இருந்த இடத்தில், நீள்வட்டத்துக்குள் ஒரு 'எல்' பளபளத்தது. விலைகூடிய லெக்ஸஸ் கார்களில் இருக்கும் அதே எழுத்து.

"நான்தான். ஒன்லைனிலை ஓடர் பண்ணினனான்," என்றார் இரத்தினவேல், துணியை மடித்தபடி. "வடிவாயில்லையே?"

"வடிவோ? இது கொறோலா அப்பா! சின்னப் பிள்ளையும் கண்டுபிடிச்சிடும்."

"தூரத்திலையிருந்து பாத்தாத் தெரியாது பிள்ளை."

"பன்னிரண்டு மணிக்கு வினோதன்ரை அம்மாவும் அப்பாவும் வருகினம். கலியாணம் பேச முதல்முதலா எங்கடை வீட்டுக்கு வருகினம். இதைப் பாத்தா என்ன நினைப்பினம்? எவ்வளவு எம்பரசிங் தெரியுமே?"

அவர் மடித்த துணியை விரித்து டிக்கியை இன்னொரு தரம் துடைத்தார்.

இருபத்தாறு வருடங்களாக விடியமுன் எழும்பி, 401 நெடுஞ்சாலையில் பிறம்ரனுக்குக் காரோடி, வேர்ஹவுஸில் பெட்டி அடுக்கிவிட்டு வருகிற மனிதர். கார் என்றால் ஓடினால் போதும் என்பவர். அவருக்கு இந்த வயதில் இப்படியொரு ஆசை வருமென்று லக்சிகா நினைத்ததேயில்லை.

பக்கத்து வீட்டு மரியோ புல்வெட்டும் மெசினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து இங்கிலீசில் கேட்டார்.

"இரத்தினவேல், லெக்ஸஸ் எப்ப எடுத்தனீங்கள்? எங்களுக்குச் சொல்லவேயில்லை!"

சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

லக்சிகாவுக்குக் காதுமடல் வரை சுட்டது. உள்ளே ஓடி, ஹெயார் ட்றையரும் நீள வயரும் பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலும் எடுத்து வந்தாள். எப்படிக் கழற்றுவதென்று போனில் ஒரு வீடியோவும் பார்த்துக்கொண்டாள்.

சூடு காட்டிப் பசையை இளக்கவேண்டும். பிறகு நூலைப் பின்னால் விட்டு, வாளால் மரம் அரிவதுபோல் இழுக்கவேண்டும். நூல் இரண்டு தரம் அறுந்தது.

"கிட்டப் பிடிக்காதை. பெயின்ற் உரிஞ்சிடும்," என்றார் அப்பா மெல்ல. "தா, நான் கழட்டுறன்."

"நீங்கள் செய்தது காணும்."

ஆனாலும் மணி பதினொன்றரை ஆகியிருந்தது. நூலை அவரிடமே கொடுத்தாள். அவர் அதை இரண்டு சுட்டுவிரல்களிலும் சுற்றிக்கொண்டு குனிந்து அரியத் தொடங்கினார். நூல் விரலை வெட்டியது. அவர் நிறுத்தவில்லை. கடைசியில் அந்த எழுத்து அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. டிக்கியில் கறுப்பாய்ப் பசை மிஞ்சியது. பெருவிரலால் உரசி உரசி எடுத்தார். அந்த இடம் மட்டும் வெயில் படாத புதுநிறத்தில் முட்டை வடிவமாகத் தெரிந்தது.

"பழைய சின்னம் எங்கை? அதைத் திருப்பி ஒட்டுவம்."

"நேற்றுக் கழட்டேக்கை உடைஞ்சு போச்சு."

"ஐயோ அப்பா! இல்லாததைக் காட்டி ஆருக்குப் பெருமை அடிக்கப் போறியள்? இருக்கிறதை இருக்கிற மாதிரிச் சொல்ல என்ன வெக்கம்? எனக்குத்தான் இப்ப வெக்கமாக் கிடக்கு!"

குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மா ஜன்னலால் கூப்பிட்டாள். "லக்சிகா! என்னத்துக்கு அப்பாவோடை கத்துறாய்?"

"பிள்ளையிலை பிழையில்லை," என்றார் இரத்தினவேல். "நான்தான் யோசிக்காமல் செய்திட்டன்."

அவர் அந்த எழுத்தைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே போனார். லக்சிகாவுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. அதற்குள் வினோதன் வீட்டார் தெருமுனைக்கு வந்துவிட்டதாக போனில் செய்தி வந்தது.

வினோதனின் அம்மா கமலாம்பிகை இனிய முகத்துக்காரி. வந்து இருந்ததும் இராததுமாய் வீடு வடிவென்றாள், வடை நல்லாயிருக்கென்றாள். அவளுடைய கணவரும் வினோதனும் லக்சிகாவின் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். பசை அப்பிய பெருவிரல் தெரியாதபடி, அப்பா கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் இருந்தார்.

லக்சிகா தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கவேணும்," என்றாள் கமலாம்பிகை. "எங்கடை இவரும் லெக்ஸஸ் ஒண்டு எடுக்கத்தான் நிக்கிறார். உங்கடையை ஒருக்காப் பாக்கலாமே? போன மார்கழி போனிலை கதைக்கேக்கை லக்சிகா சொன்னவ, அப்பா லெக்ஸஸ்தான் ஓடுறவர் எண்டு."

லக்சிகா தட்டை அப்படியே மேசையில் வைத்தாள். எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லி மறந்துபோன ஒரு வரி.

"அது சேர்விஸுக்கு விட்டிருக்கு," என்றார் இரத்தினவேல், மகளின் பக்கம் திரும்பாமலே. "வெளியிலை நிக்கிறது நான் வேலைக்குக் கொண்டுபோற பழசு."

அந்தப் பொய்யை அவள் போனில் சொன்ன அன்று, அப்பா இதே சோபாவில்தான் போர்வையால் மூடிக்கொண்டு படுத்திருந்தார். நல்ல நித்திரை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.