திறந்திருக்கும் ஃபைல்

மருந்து வாங்க வந்த எனக்கு ஆஸ்பத்திரி சர்வர் அறையில் என்ன வேலை? கதவு திறந்திருக்கிறது, பார்க்கிறேன். அக்காளையும் தங்கையையும் கட்டிய இரண்டு கம்ப்யூட்டர்காரர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சாகக் கிடக்கும் பழைய சர்வர் கரகரவென்று அலறுகிறது. அதிலிருக்கும் வார்டு மருந்துப் பட்டியல் புதியதற்குப் போயாக வேண்டும். "நர்ஸுங்க எழுதிட்டிருக்கிற ஃபைல், சகலை. நிறுத்திட்டு காப்பி எடு, இல்லன்னா பாதிதான் வரும்" என்கிறார் மூத்தவர். "நிறுத்தினா இது திரும்ப எந்திரிக்காது. ஓடும்போதே, படம் பிடிக்கிற மாதிரி, இந்த நிமிஷம் இருக்கிறபடி ஸ்நாப்ஷாட் எடுக்கணும். நீ அரைகுறைன்னு நம்ம மாமனாரே சொல்றாரு!" என்கிறார் இளையவர். பளாரென்று விழுகிறது அறை. இளையவர் மூக்கிலிருந்து கீபோர்டில் ரத்தம் சொட்டுகிறது. மூத்தவர் நாற்காலியை ஓங்க, இளையவர் அவரை சர்வரோடு சேர்த்து மோதுகிறார். வயர் பிடுங்கிக்கொள்கிறது. அலறல் நிற்கிறது. பச்சை விளக்கு ஒன்றுகூட இல்லை. மாடியிலிருந்து நர்ஸ் கத்துகிறாள்: "அண்ணே, ஸ்கிரீன் போயிடுச்சு! ஏழாம் பெட்டுக்கு எத்தனை மில்லின்னு யாராவது சொல்லுங்க!"