நிமிஷத்துக்கு நாற்பது மூடி

"நிமிஷத்துக்கு நாற்பது மூடி. அந்தப் பொண்ணால முடியுது, உங்களால ஏன் முடியல?"

மேற்பார்வையாளர் சுவரில் ஓடும் வீடியோவைக் காட்டிக் கேட்டார். அதில் முகம் தெரியாது. இரண்டு கைகள் மட்டும் பாட்டில்களுக்கு மூடி திருகிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு வேளையிலும் வீடியோவை யாரும் நிறுத்துவதில்லை. ஆளில்லாத கூடத்தில் அந்தக் கைகள் தம்பாட்டுக்குத் திருகும்.

எதிரே நின்ற அக்காவுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. பன்னிரண்டு வருடமாக இங்கே மூடி திருகுகிறார். இன்றைக்கு நாற்பது எட்டாவிட்டால் நாளைக்கு வேலை இல்லை.

"விரலெல்லாம் மரத்துப்போகுது சார்."

"அவளுக்கு மட்டும் என்ன இரும்புக் கையா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்தவள் என்று, தொழிலாளர்களின் வலிப் புகார்களை விசாரிக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

"ஊர்ப்பட்ட பேர் கையை ஒடிக்கிறதுக்குன்னே இப்படித் திருகிக் காட்டின அந்த மகராசி இப்ப எங்க சார்?"

"யாருக்குத் தெரியும்? நான் வர்றதுக்கு முன்னாடி எடுத்தது. நல்லா இருப்பா."

அக்கா திரையருகே போய், தன் வலது கையை வீடியோவில் தெரிந்த வலது கையின் பக்கத்தில் வைத்தார். திரையில் இருந்த பெருவிரலிலும் அக்காவின் பெருவிரலிலும் ஒரே தீத்தழும்பு.

"பத்து நிமிஷம்தான் வீடியோ எடுத்தாங்க," என்றார். "நல்லாப் பண்ணினா வேலை நிரந்தரம்னாங்க. பறந்து பறந்து திருகினேன்."

மேற்பார்வையாளர் திரையையும் அக்காவின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். நானும்தான்.

திரையில் கைகள் ஓயவில்லை. அக்கா அவற்றிடம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்:

"மெதுவாப் பண்ணுடி."