கூரைக்கு வேர்த்தது

"ராத்திரி மழையே இல்லே. இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது? சொல்லு!"

தோட்டத் துரையின் பிரம்பு கூரைத் தகரத்தைக் காட்டியது. தேயிலை ஸ்டோரின் மேல்மாடியில், வாடுவதற்காகச் சாக்குத் தட்டுகளில் பரப்பியிருந்த கொழுந்தின் மீது டொக், டொக்கென்று சொட்டிக்கொண்டிருந்தது. பாதிக் கொழுந்து நனைந்து வீணாகிவிட்டது.

மாடியில் வேலை பார்க்கும் காளிமுத்து நனைந்த கொழுந்தை அள்ளத் தொடங்கினான். மாத்தளை டவுனிலிருந்து கூரை வேலைக்கு வந்திருந்த மேஸ்திரி றஹீம் பாஸ்தான் பதில் சொன்னார்.

"ரெண்டு தரம் தார் பூசிட்டேன் துரை. ஒரு ஓட்டை கூட இல்ல."

"நாளைக்குக் காலையிலே வருவேன். ஒரு சொட்டு விழுந்தாலும் நீ இந்தத் தோட்டத்துப் பக்கம் வரக் கூடாது. காளிமுத்து, உனக்கும் பத்துச்சீட்டு, என் பங்களாவிலே வேலை செய்ற உன் பொண்டாட்டிக்கும் பத்துச்சீட்டு!"

துரைக்குக் கோபம் வந்தால் தெரிந்த ஒரே வைத்தியம், வேலையைவிட்டு நிறுத்தும் இந்தப் பத்துச்சீட்டுதான். அதைக் கையில் கொடுத்துவிட்டால் அன்றைக்கே குடியிருக்கும் லயக் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். மூன்று மாதக் குழந்தையோடு இந்தக் குளிரில் காளிமுத்து எங்கே போவான்?

துரை இறங்கிப் போனதும் றஹீம் ஏணியைச் சாத்தினார். காளிமுத்து ஓடிவந்து அதைப் பிடித்துக்கொண்டான்.

"மேல எதுக்குங்க பாஸ்? வெளியில இன்னொரு தரம் தார் பூசினாப் போதாதா?"

"வெளியில ஒண்டும் இல்ல தம்பி. உள்ளுக்குப் பாப்போம்."

முகட்டை ஒட்டி எட்டுக் காற்றுச் சாளரங்கள். எட்டிலும் சாக்கைத் திணித்து அடைத்திருந்தது. அவற்றுக்குக் கீழே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கயிறு. கீழே நின்று பார்த்தால் இருட்டில் தெரியாது. றஹீம் கயிற்றைத் தொட்டார். ஈரம்.

இறங்கி வந்து காளிமுத்துவை ஒரு பார்வை பார்த்தார்.

"கூரை ஒழுகல்ல, வேர்க்குது. நீ ஈரத் துணியக் காயப் போடுறே. அந்த ஆவி வெளிய போக வழியில்லாம, விடியக் குளிர்ல தகரத்துல பட்டுத் தண்ணியாச் சொட்டுது. சாளரத்த ஏன் அடைச்சே?"

"ஸ்டோர் அடுப்புக் கரி பறந்து வந்து துணில படும்னு..." காளிமுத்துவின் கண் கலங்கியது. "மூணு கிழமையா வெயிலே இல்லீங்க. வேற எங்க காய வைக்கிறது? காட்டிக் குடுத்துராதீங்க பாஸ். தெருவுலதான் நிப்போம்."

றஹீமுக்கு மனம் இளகிவிட்டது. மகள் ஹமீமாவும் கைக்குழந்தையோடு அவர் வீட்டில்தான் இருக்கிறாள். இந்த மழைக்காலத்தில் துணி காயாமல் படும் பாடு அவருக்குத் தெரியாதா?

"புள்ளட துணிதானே? இதுக்குப் போய் அழுறதா? காம்பரா அடுப்புக்கு மேல காயப் போடு. இங்க மட்டும் வேணாம்."

காளிமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

பகல் முழுக்க வேலை நடந்தது. றஹீம் சாக்குகளைப் பிடுங்கி எறிந்தார். கயிற்றை அவிழ்த்தார். கூரைக்கடியில் இரண்டு பக்கச் சுவரிலும் நான்கு நான்கு துளை வெட்டிக் கம்பிவலை அடித்தார். கீழே நுழைந்த காற்று முகடு வழியாக வெளியேறத் தொடங்கியது.

"இனி ஒரு சொட்டு விழாது. நிம்மதியாத் தூங்கு."

"விழாதுங்க பாஸ், அது தெரியுது," என்றான் காளிமுத்து. முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் காலை கொழுந்து பதமாக வாடியிருந்தது. றஹீம் ஏறித் தகரத்தைத் தடவினார். காய்ந்து கிடந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்றபடி இறங்கினார். காளிமுத்து மட்டும் தூணோரம் படியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் என்ன பயம் ஒனக்கு?"

அவன் பதில் சொல்வதற்குள் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. எப்போதும் தும்பைப்பூ வெள்ளையில் வரும் துரை, மழைக்கோட்டுக்கு அடியில் கோடு போட்ட படுக்கைக் கால்சட்டை தெரிய வந்து நின்றார். கூரையை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காளிமுத்து! மூணு கிழமையா உன் பொண்டாட்டி என் வெள்ளைக் கால்சட்டை எல்லாம் நல்லாக் காய வச்சுக் கொடுத்தா. இன்னைக்கு மட்டும் ஏன் சொட்டச் சொட்ட ஈரம்?"